பழமலை மகன்

வாயைத் திறக்கச் சொன்னேன்.
"பல்லு வெளக்கல மேடம்" என்று கூசினான் ராசாங்கம்.
பர்காவிலிருந்து விடியுமுன் கிளம்பிய பஸ்.
பஞ்சுக்குச்சியைக் கன்னத்தின் உட்புறம்
பத்து முறை தேய்த்தேன்.
விளக்காத வாயிலும் பழுதில்லாமல் இருக்கிறது
தகப்பன் கொடுத்தது.

சோஹார் பிணவறையில் கிடப்பவன் அண்ணன் கொளஞ்சி.
சாரத்தில் கம்பி கட்டிக்கொண்டிருந்தவன்.
ஜூன் மாதம், பகல் பதினொன்றரை.
வெயிலுக்கு வேலை நிறுத்தும் மணிக்கு
இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.
உடம்பு நாற்பத்திரண்டைத் தாண்டினால்
உள்ளே நொதிகள் மடிப்புக் குலையும்.
ஒவ்வொன்றும் ஒரே வேலைக்கென்று வளைந்த குழிவு;
பொருந்தியதை மட்டும் பிடிக்கும், வெட்டும் அல்லது ஒட்டும், விடும்.
குழிவு போனால் வேலை போனது.
வெந்த முட்டையைப் பச்சையாக்க
எந்த ஐஸ் கட்டிக்கும் தெரியாது.

அண்ணன் பாஸ்போர்ட்டில் அப்பா 'பலமலை'.
தம்பி பாஸ்போர்ட்டில் 'பஸமலை'.
தட்டச்சியவர்கள் இருவரும் ஒரே ழகரத்தில் தடுக்கி
வேறு வேறு பக்கம் விழுந்திருக்கிறார்கள்.
இரண்டு அப்பன் என்றால் உடலைத் தர முடியாது
என்றது அலுவலகம்.
விருத்தாசலத்தில் இருந்த ஒரே அப்பனும்
போய் ஆறு வருஷம்.

குழாயில் ஒரு துளி.
இயந்திரம் தொண்ணூற்றைந்துக்கு ஏறுகிறது.
முறுக்கிய ஏணி பிரிகிறது.
எங்கள் கட்டடத்துப் பின்புற இரும்புச் சுழல்படி அது,
ஷிப்ட் மாறும் நேரம்:
ஒரு வரிசை ஏற, ஒரு வரிசை இறங்க,
எதிரெதிரே கை கோத்தபடி.
அடினினுக்குத் தைமின், இரண்டு பிடி.
குவானினுக்குச் சைட்டோசின், மூன்று பிடி.
ஆள் மாறிப் பிடிக்கிற வழக்கமில்லை.
அதனால் ஒருவனைப் பார்த்தாலே
எதிரே நின்றவன் யாரென்று எழுதிவிடலாம்.

அறுபதுக்கு இறங்கினால்
தொடக்கத் துணுக்குகள் தங்கள் இடத்தில் உட்காரும்.
எழுபத்திரண்டில் பாலிமரேஸ் கிளம்பும்.
வெந்நீர் ஊற்றில் பிறந்த நுண்ணுயிரின் நொதி;
கொளஞ்சியை முடித்த சூட்டுக்கும் முப்பது டிகிரி மேலே
அதற்கு வேலை ருசிக்கிறது.
எதிரெழுத்தை எடுத்து வை, நகர்.
எடுத்து வை, நகர்.
பழைய இழை ஒன்று, புதிய இழை ஒன்று, சேர்ந்து ஒரு ஜோடி.
ஒன்று இரண்டாக, இரண்டு நான்காக,
முப்பது சுற்றில் நூறு கோடி.
மீட்டர் வட்டிக்குக்கூட
இப்படிக் குட்டி போடத் தெரியாது.

நொதி தான் செய்யும் வேலையில் செலவாவதில்லை,
வந்தபடியே வெளியேறும் என்று கல்லூரியில் எழுதிப்
பத்துக்குப் பத்து வாங்கினேன்.
ராசாங்கம் வெளியே நாற்காலியில் இருக்கிறான்.
வலது கையில் இரண்டு விரல் மடங்குவதில்லை.

திரையில் முகடுகள் எழுந்தன.
ஆண்வழி ஒய்யில் பதினேழு இடம்.
பதினாறில் அண்ணனும் தம்பியும் ஒரே அச்சு.
ஒன்றில் மட்டும்
அவனுக்குப் பதினான்கு, இவனுக்குப் பதினைந்து.
எனக்கு வயிறு இறங்கியது.
பத்ரியா எட்டிப் பார்த்தாள்,
பேரீச்சங்கொட்டையைக் கன்னத்தில் ஒதுக்கியபடி.
"ஒரு படி வழுக்கல். நகலெடுக்கும்போது நடக்கும்.
ஒன்றுக்கு மன்னிப்பு உண்டு.
ஒரே அப்பா. எழுது."

இயந்திரம் நான்கு டிகிரிக்கு இறங்கி
யாராவது வந்து எடுக்கக் காத்திருந்தது.
கீழ்த்தளத்துப் பெட்டியும் அதே நான்கில்.

படிவத்தில் தந்தை பெயருக்கு ஒரு கட்டம்.
பலமலை என்றடித்து அழித்தேன்.
பஸமலை. அழித்தேன்.
ராசாங்கத்தைக் கூப்பிட்டுப் பேனாவை நீட்டினேன்.
"நீங்களே எழுதுங்க. தமிழ்லயே."
மடங்காத விரல்களுக்கிடையே பேனா நழுவ,
ழ-வின் வாலைக்
கட்டத்துக்கு வெளியே இழுத்துவிட்டான்.